காத்திருந்த ஒளி

வைகாசித் திங்களில் வானம் தெளிந்த ஓர் இரவு. மணி ஒன்பதைக் கடந்துவிட்டது. தாம்பரத்தில் ஒரு மொட்டை மாடியில் நின்று தென்திசையை நோக்குகிறோம். வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் மேலே விளக்குகளின் செம்மஞ்சள் ஒளி பரவிக் கிடக்கிறது. அதற்குச் சற்று மேலே, அடிவானத்திற்கும் தலையுச்சிக்கும் இடைப்பட்ட தொலைவில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், சென்டாரஸ் என்னும் விண்மீன் மண்டலம் நிற்கிறது. அங்கே வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. சிறு இருகண் நோக்கியை உயர்த்தினால் மட்டும் பஞ்சுத் துணுக்குப் போன்ற ஒரு மங்கல் தென்படுகிறது. ஈரத் துணியால் துடைக்கத் தவறிய கறை என்றே அதனை எண்ணத் தோன்றும்.

அது கறையன்று, ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் நெருங்கித் திரண்ட ஒரு மாபெருங்கூட்டம். ஒமேகா சென்டாரி என்பது அதன் பெயர். அதிலிருந்து புறப்பட்ட ஒளி நம் மாடியை வந்தடைய ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் ஆகின்றன. திருச்சபையின் தலைநகராம் உரோமையில் நிற்போருக்கு இக்கூட்டம் அடிவானத்தைத் தாண்டி எழுவதே அரிது. நமக்கோ, ஆண்டுதோறும் கோடையில் அது தெற்கு வாயிலில் வந்து நின்றுவிட்டுப் போகிறது. நாம்தாம் பார்ப்பதில்லை.

இத்தகைய மங்கல்களை மனிதர் எவ்வாறு கண்டனர், எண்ணினர், புகைப்படத் தகட்டில் பதித்தனர் என்பதும், அவ்வரலாற்றில் நம் சென்னைக்கு உரிய பங்கு யாது என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. அவ்வரலாறு ஒளியைப் பற்றியது மட்டுமன்று. ஒளியைக் கண்டோருக்கும், கண்டும் பெயர் பெறாதோருக்கும் அதில் இடமுண்டு.

ஒன்று பலவான கதை

பண்டைய அலெக்சாந்திரியாவின் தாலமி ஒமேகா சென்டாரியை ஒற்றை விண்மீனாகவே தம் பட்டியலில் சேர்த்தார். 1603இல் செருமானியரான யோகான் பாயர் அதற்கு ‘ஒமேகா’ என்னும் கிரேக்க எழுத்தைச் சூட்டியபோதும் அது ஒரு விண்மீன்தான். 1677இல் தென் அட்லாண்டிக் கடலின் செயின்ட் எலினா தீவிலிருந்து வானத்தை ஆராய்ந்த இளைஞர் எட்மண்டு ஆலி, அது விண்மீனன்று, மங்கலான ஓர் ஒளித்திரள் என்று குறித்தார்.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1689ஆம் ஆண்டின் திசம்பர் திங்களில், நம் அண்டை நகரான புதுச்சேரியில் இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ ஒரு வால்மீனைத் தொலைநோக்கியால் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். சயாமில் நேர்ந்த அரசியல் புரட்சியால் அந்நாட்டை விட்டு வெளியேறிப் புதுச்சேரி வந்து சேர்ந்தவர் அவர். அதே சென்டாரஸ் மண்டலத்தின் மிக ஒளிமிக்க விண்மீன் அவரது கண்ணாடியில் ஒன்றாகத் தெரியவில்லை, இரண்டாகத் தெரிந்தது. ஆல்ஃபா சென்டாரி ஓர் இரட்டை விண்மீன் என்று உலகுக்குச் சொன்னது தமிழ் மண்ணின் ஒரு கடற்கரை ஊரே.

ஒன்றெனக் கண்டது இரண்டாயிற்று. மங்கலெனக் கண்டது கூட்டமாயிற்று. பின்வந்த நூற்றாண்டில் பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெசியர் வால்மீன்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவை என்று இம்மங்கல்களுக்கு ஒரு பட்டியல் இட்டார். அதில் 80ஆம் எண் பெற்றதை அவர் கண்டது 1781 சனவரியில். வில்லியம் எர்ஷல் தம் பெரிய தொலைநோக்கிகளால் அவற்றுள் பலவற்றைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் கண்டு, ‘கோள வடிவக் கொத்து’ என்னும் பொருளில் அவற்றுக்குப் பெயரிட்டார். இன்று நமது பால்வழி மண்டலத்தைச் சூழ்ந்து 150க்கும் மேற்பட்ட கோளக் கொத்துகள் அறியப்பட்டுள்ளன. அவற்றின் விண்மீன்களுள் பெரும்பாலானவற்றின் வயது ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல். கதிரவனைவிட இரு மடங்கு முதுமை உடையவை அவை.

கேட்டைக்கு அருகே சில நாள்

ஆனித் திங்களில் தென்கிழக்கே எழும் விருச்சிகத்தின் நடுவில் செந்நிறத்தில் ஒளிர்வது கேட்டை. அதற்குச் சற்று வடமேற்கே, சிறு தொலைநோக்கியில் மட்டும் தெரியும் மங்கல் ஒன்று உண்டு. அதுவே மெசியரின் 80ஆம் எண். ஏறத்தாழ 30,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கோளக் கொத்து அது.

1860ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தின் ஆர்ட்வெல் என்னும் ஊரில் இருந்த ஒரு தனியார் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் என்னும் முப்பத்தோராம் அகவையினர், ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீன்களை அளந்துகொண்டிருந்தார். அவர் கண்காணித்த இரு மாறொளி விண்மீன்கள் அந்தக் கொத்துக்கு மிக அருகில் இருந்தன. ஆகவே கொத்தும் அவர் பார்வையில் அடிக்கடி படும். மே 9 அன்று அதில் புதுமை எதுவும் இல்லை. மே 28 அன்று பார்த்தபோது, மங்கல் இருந்த இடத்தில் ஒரு விண்மீன் சுடர்ந்தது. கொத்தின் கோடிக்கணக்கான ஆண்டு அமைதியைக் கலைத்து, அதனுள் இருந்த ஏதோ ஒரு விண்மீன் வெடித்து, கொத்து முழுவதையும் மறைக்குமளவு ஒளிர்ந்திருந்தது. ஜூன் 10ஆம் நாளளவில் அச்சுடர் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

போக்சனுக்கு ஒரு வாரம் முன்னரே, மே 21 அன்று, கோனிக்ஸ்பெர்க் நகரில் ஆர்தர் ஔவெர்ஸ் என்பவரும் அதனைக் கண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறியாமல் இருவர் கண்டதால் ஐயத்திற்கு இடமின்றிப் போயிற்று. ஒரு கோளக் கொத்தினுள் மனிதர் கண்ட முதல் ‘புதுமீன்’ அதுவே. புகைப்படம் இல்லை, தகடு இல்லை. இரு மனிதரின் கண்களும், அவர்கள் அன்றிரவே எழுதி வைத்த குறிப்புகளுமே சாட்சி. அந்த இரவுகளில் அவர்கள் சோர்ந்து உறங்கியிருந்தால், 30,000 ஆண்டுகள் பயணம் செய்து வந்த செய்தி யார் கையிலும் சேராமல் கடந்து போயிருக்கும்.

மறு ஆண்டு, 1861இன் தொடக்கத்தில், அதே போக்சன் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்.

நுங்கம்பாக்கத்தின் முப்பது ஆண்டுகள்

சென்னையின் வானாய்வகம் அதற்கும் பழமையானது. வில்லியம் பெட்ரி என்னும் கும்பெனி அலுவலர் 1786இல் எழும்பூரில் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கியதைக் கிழக்கிந்தியக் கும்பெனி ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. அந்நாளில் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிகளில் பொறித்த எழுத்துகளோடு, இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கின்றது. புயல் செய்திக்காக அப்பெயரை ஆண்டுதோறும் கேட்கும் நம்மில் எத்தனை பேர் அத்தூணை அறிவோம்?

போக்சன் இங்கு வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரலில், ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். இக்கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. விண்மீன்களின் ஒளியை அளக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் அளவுகோலை 1856இல் வகுத்தவரும் அவரே: ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஒளி 2.512 மடங்கு வேறுபடும். ஐந்து படிகளில் நூறு மடங்கு. தாம்பரத்தில் எவ்வளவு மங்கலான விண்மீன் தெரிகிறது என்று நாம் இன்று ஓர் எண்ணைச் சொன்னால், அது போக்சன் தந்த அளவில் சொல்லும் எண்ணே.

ஆனால் போக்சன் தனியாக வேலை செய்யவில்லை. அவருடைய முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் தென்வானில் மிகத் தாழ்வாகத் தோன்றும் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கவிருந்தபோது, அந்நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை அவர் எழுதினார். அது இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. அறிவு ஆய்வகச் சுவருக்குள் அடங்கிக் கிடக்கலாகாது என்று எண்ணியவர் அவர்.

மற்றோர் உதவியாளர் போக்சனின் மகள் ஐசிஸ். 1873 முதல் வானாய்வகத்தில் பணியாற்றிய அவர், இருபத்தைந்து ஆண்டுகள் எண்களை அளந்தும் கணக்கிட்டும் வந்தார். 1886இல் அவரையும் அரச வானியல் சங்கத்தில் சேர்க்க வேண்டுமென்று தந்தை முன்மொழிந்தார். சங்கத்தின் சாசனம் உறுப்பினரைச் சுட்ட ஆண்பாற் சொல்லை மட்டுமே ஆண்டிருந்தது. ஆகவே பெண்ணைச் சேர்க்க இயலாது என்று சட்ட அறிஞர்கள் கூறினர். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 1920இல்தான் ஐசிஸ் உறுப்பினரானார். முப்பத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பு!

போக்சனும் காத்திருக்க வேண்டியவராகவே இருந்தார். முப்பது ஆண்டுகளில் அவரும் உதவியாளரும் அளந்து குவித்தவை மிகப் பல, அச்சேறியவை சில. 1891இல் அவர் சென்னையிலேயே மறைந்தார். அவருடைய விண்மீன் அளவைகளை அடுத்து வந்தவர் தொகுத்து வெளியிட வேண்டியிருந்தது. மாறொளி விண்மீன் குறிப்புகளோ 1908இல்தான் இலண்டனில் நூலாயின. கண்டவர் மறைந்த பின்னும் கண்டது ஏட்டில் உயிரோடு இருந்தது.

அடுத்து வந்தவர் சார்லஸ் மிக்கி சுமித். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அக்கல்லூரி அந்நாளில் கடற்கரையை ஒட்டிய நகர்ப் பகுதியில் இருந்தது. 1937இல்தான் தாம்பரத்தின் காட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்தது. மிக்கி சுமித்தின் காலத்தில், 1899இல், வானாய்வுப் பணி கொடைக்கானல் மலைக்குச் சென்றது. அங்கே ஆய்வு கதிரவனை நோக்கித் திரும்பியது. நுங்கம்பாக்கத்தின் இரவு வானம் கேட்பாரற்றுப் போயிற்று. உலகில் விண்மீன்களைப் புகைப்படம் எடுக்கும் கலை வேரூன்றத் தொடங்கிய அதே ஆண்டுகளில் சென்னை கண்ணை மூடிக்கொண்டது வரலாற்றின் ஒரு முரண்.

தகடு என்னும் சாட்சி

கண் ஒரு நொடியின் ஒளியை மறுநொடிக்குச் சேர்த்து வைப்பதில்லை. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், மங்கலானது மங்கலாகவே இருக்கும். வெள்ளி உப்புப் பூசிய புகைப்படத் தகடோ சொட்டுச் சொட்டாக விழும் ஒளியைச் சேமிக்கும். ஒரு மணி நேரம் பொறுத்தால், கண்ணால் ஒருபோதும் காண இயலாத விண்மீன்கள் அதில் கரும்புள்ளிகளாக எழும். 1882இல் தென்னாப்பிரிக்காவில் டேவிட் கில் ஒரு பெரிய வால்மீனைப் படமெடுத்தபோது, கேட்காமலே அதன் பின்னணியில் விண்மீன்கள் எண்ணற்றவை பதிந்திருந்தன. அன்றிலிருந்து வானியல் புதுப் பாதையில் நடந்தது.

பெரு நாட்டின் அரேகிப்பா மலைநகரில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் கிளை ஆய்வகம் ஒன்று இருந்தது. அங்கே சோலன் பெய்லி 1890களில் ஒமேகா சென்டாரியைப் படமெடுத்து, அத்தகட்டிலிருந்து 6,389 விண்மீன்களை எண்ணினார். அடுத்தடுத்த இரவுகளின் தகடுகளை ஒப்பிட்டபோது, நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரு நாளுக்குள்ளேயே ஒளி கூடிக் குறைவதைக் கண்டார். அத்தகைய விண்மீன்களின் உண்மை ஒளி ஏறக்குறைய ஒரே அளவானது. ஆகவே ஒரு கொத்தில் அவை எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றன என்பதைக் கொண்டு கொத்தின் தொலைவைக் கணிக்கலாம். தெரு விளக்குகள் எல்லாம் ஒரே திறன் உடையவை என்று அறிந்தவன், மங்கலாகத் தெரியும் விளக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது என்று சொல்வதைப் போன்றது இது.

இவ்வழியைக் கொண்டு 1918இல் ஆர்லோ சேப்லி கோளக் கொத்துகளின் இருப்பிடங்களை வகுத்தார். அவை கதிரவனைச் சூழ்ந்து சமமாகப் பரவியிருக்கவில்லை. தனுசு மண்டலத்தின் திசையில் எங்கோ ஒரு மையத்தைச் சூழ்ந்திருந்தன. அதாவது, நாம் பால்வழியின் மையத்தில் இல்லை, ஓரத்தில் இருக்கிறோம். சேப்லி கணித்த தொலைவு பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் அவர் காட்டிய திசை நிலைத்துவிட்டது. நாம் மையமல்லர் என்று மனிதருக்குக் கற்பித்தவை இந்தப் பஞ்சுத் துணுக்குகளே. அது தாழ்ச்சியைப் பயிற்றும் ஒரு பாடமன்றோ!

தகட்டுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1938இல் கனடாவின் தொரொந்தோ நகருக்கு அருகில் எலன் சாயர் ஆக் என்னும் அம்மையார், மெசியரின் 14ஆம் எண் பெற்ற கோளக் கொத்தைப் பல இரவுகள் படமெடுத்துத் தகடுகளைப் பேழையில் வைத்தார். 1964இல் அமீலியா வெலாவ் என்னும் அம்மையார் அத்தகடுகளை ஆராய்ந்தபோது, முன்னும் பின்னும் இல்லாத ஒரு விண்மீன் அந்த 1938ஆம் ஆண்டுத் தகடுகளில் மட்டும் இருப்பதைக் கண்டார். அது ஒரு புதுமீன். போக்சன் கண்டதை அடுத்து, கோளக் கொத்தொன்றில் பதிவான இரண்டாம் புதுமீன் அது. யாரும் காணாமலே அது எரிந்து அணைந்திருந்தது. ஆனால் அதன் சாட்சியம் இருபத்தாறு ஆண்டுகள் ஒரு கண்ணாடித் தகட்டில் பொறுமையோடு காத்திருந்தது. 1860இல் கண் உறங்கியிருந்தால் எல்லாம் இழப்பே. 1938இல் கண் காணாததையும் தகடு காத்து வைத்தது.

எண்ணியவரை யார் எண்ணுவர்?

1887இல் பாரிசில் கூடிய வானியலாளர்கள், வானம் முழுவதையும் புகைப்படத்தில் வரையத் திட்டமிட்டனர். வானத்தைப் பட்டைகளாகப் பிரித்து உலகின் ஆய்வகங்களுக்குப் பங்கிட்டனர். இந்தியாவில் ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகம் பின்னர் இப்பணியில் ஒரு பட்டையை ஏற்றது. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ புத்துயிர் அளித்த வத்திக்கான் வானாய்வகமும் ஒரு பட்டையை ஏற்றது.

படமெடுப்பது எளிது, எடுத்த தகட்டில் ஒவ்வொரு விண்மீனின் இடத்தையும் அளந்து எழுதுவதே பெரும்பாடு. வத்திக்கான் அப்பணியை மரிய பம்பினா சகோதரிகள் என வழங்கப்படும் சபையின் அருட்சகோதரிகளிடம் ஒப்படைத்தது. 1910 முதல் 1921 வரை, ஒருவர் நுண்நோக்கியில் குனிந்து எண்களைச் சொல்ல, மற்றவர் ஏட்டில் எழுத, அவர்கள் 4,81,215 விண்மீன்களை அளந்தனர். அவர்கள் வானியல் கற்றவர்கள் அல்லர். ஏட்டில் எண்கள் இருந்தன. எண்ணியவர் பெயர்கள் பொதுமக்கள் அறியாதவையாக இருந்தன. ‘அருட்சகோதரிகள்’ என்னும் ஒரு சொல்லில், தொலைவில் தெரியும் கொத்துப் போல, அவர்கள் ஒரு மங்கலாகவே நின்றனர்.

2016இல்தான், வத்திக்கான் வானாய்வகத்தின் இயேசு சபைத் தந்தை ஒருவர் பழைய தாள்களுள் கண்டெடுத்த அப்பெயர்கள் உலகறியலாயின: எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா பினார்தி, லூயிஜா பன்செரி. நூற்றாண்டுக்கு நெருங்கிய காத்திருப்பு! நான்கு பெயர்களையும் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்க்கும்போது, மங்கல் கலைந்து நான்கு முகங்கள் எழுவதை உணரலாம்.

தாம்பரத்து மாடியில்

தமிழ் மண்ணின் இரவு வானம் பிற்பாடு மீண்டும் கவனம் பெற்றது. வைணு பாப்பு என்னும் அறிஞரின் முயற்சியால் சவ்வாது மலையின் காவலூரில் 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஓர் ஆய்வகம் தொடங்கிற்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. ஆய்வகம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. அங்கே ஒரு பழைய சிறு தொலைநோக்கியும் வந்து சேர்ந்தது. வங்காளத்தின் ஜெசோரில் கருவூல அலுவலகத்தில் பணியாற்றிய இராதா கோவிந்த சந்திரர், வேலை முடிந்த இரவுகளில் மாறொளி விண்மீன்களைக் கவனித்து, முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட குறிப்புகளை அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் கழகத்திற்கு அனுப்பினார். அவருக்கென அக்கழகம் 1926இல் அனுப்பிய கருவியே அது. கல்லூரிப் பட்டமின்றி, அலுவலகப் பணியாளராக இருந்தபடியே அவர் செய்த தொண்டு, மாடியில் நிற்கும் நமக்கும் ஓர் அழைப்பு.

இன்று அம்முயற்சி முன்னைவிட எளிது. 15 சென்டிமீட்டர் ஆடி கொண்ட ஒரு தொலைநோக்கி, கண் வைக்கும் இடத்தில் பொருத்திய ஒரு மின்னணுப் புகைப்படக் கருவி, புவியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து மெல்லத் திரும்பும் ஓர் இயந்திரத் தாங்கி ஆகியவை போதும். விண்மீன் இரண்டு நிமிடத்தில் முழுநிலவின் அகல அளவு நகர்ந்துவிடும். ஆகவே தாங்கியின் அச்சு துருவ விண்மீனை நோக்கியிருத்தல் வேண்டும். தாம்பரத்திலிருந்து துருவ விண்மீன் அடிவானத்திற்கு 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. அத்திசையிலோ சென்னை நகரின் ஒளி முழுவதும், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் விளக்குகளும் இருக்கின்றன. துருவனைத் தேடுவதே பாதி இரவின் வேலை.

பிறகு, முப்பது நொடிக்கு ஒரு படம் வீதம், நூற்றிருபது படங்கள். கடற்கரையிலிருந்து செங்கற்பட்டு செல்லும் மின்தொடர் வண்டியின் அதிர்வில் சில கெடும். பெருஞ்சாலையில் சரக்கு வண்டி கடக்கும்போது சில கெடும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இயந்திரம் ஓடினால் இன்னும் சில. நல்லவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். நகரின் ஒளி படம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதால் அதனைக் கழித்துவிடலாம். விமானத்தின் கோடு ஒரு படத்தில் மட்டும் இருப்பதால் அதுவும் நீங்கிவிடும். விண்மீனோ ஒவ்வொரு படத்திலும் அதே புள்ளியில் விழுகிறது. விழ விழ உறுதி பெறுகிறது. ஒளி மாசு நிறைந்த புறநகர்களில் மெல்லிய வாயு மேகங்களைப் படமெடுப்பது கடினம். கோளக் கொத்துகளை எடுக்க முடிவதன் காரணம் இதுவே. கூச்சலிடும் வெளிச்சம் கழிந்துபோக, அடக்கமாய்த் திரும்பத் திரும்ப வந்த சிறு ஒளி நிலைக்கிறது.

படம் திரையில் எழும்போது ஒமேகா சென்டாரியின் ஓரங்கள் மணலாய் உதிர்ந்து, ஒவ்வொரு மணியும் ஒரு கதிரவனாகத் தெரிகிறது. மையம் மட்டும் இன்னும் கலையாத ஒளியாகவே இருக்கிறது. இப்படம் அறிவியலுக்குப் புதிதாக எதையும் தந்துவிடாது என்பதை நாம் அறிவோம். காவலூரும் விண்வெளித் தொலைநோக்கிகளும் இதனைவிட ஆயிரம் மடங்கு தெளிவாகக் கண்டுள்ளன. ஆயினும் தேதியையும் நேரத்தையும் குறித்து அதனைச் சேமித்து வைக்கிறோம். எந்த இரவில் எந்தக் கொத்தில் எது சுடரும் என்று யாருக்குத் தெரியும்? 1938இல் தகடுகளைப் பேழையில் வைத்த அம்மையாருக்கும் அன்று அது தெரிந்திருக்கவில்லை.

நம் பங்குகளிலும் இத்தகைய பேழைகள் இருக்கின்றன. திருமுழுக்குப் பதிவேட்டில் அழகிய கையெழுத்தில் நூறாண்டுகளுக்கு முன் பெயர்களை எழுதிவைத்த உபதேசியார் யார்? பள்ளி தொடங்கக் கல் சுமந்த பெண்கள் யார்? ‘பங்கு மக்கள்’ என்னும் ஒரு சொல்லுக்குள் அவர்கள் மங்கலாக நிற்கிறார்கள். அவ்வேடுகள் கரையானுக்கு இரையாகும் முன் ஒருவர் அவற்றை எடுத்துப் பார்த்தால், அவர்களும் தனித்தனி முகங்களாக எழுவார்கள். ஆண்டவர் விண்மீன்களை எண்ணுவதையும் பெயரிடுவதையும் 147ஆம் திருப்பாடல் ஒரே மூச்சில் பேசுகிறது. எண்ணுதல் அவருக்குக் கணக்கன்று, அறிமுகம். அதே பாடல் அச்செயலை, உள்ளம் உடைந்தோரைக் குணப்படுத்தும் செயலுக்கு அடுத்து வைத்திருப்பதும் கருதத்தக்கது.

வரும் ஆனித் திங்களில், மழைமேகம் விலகிய ஓர் இரவில், நம் வீட்டு மாடியேறித் தெற்கே பார்ப்போம். செந்நிறக் கேட்டையைக் கண்டுகொள்வது எளிது. அதற்குச் சற்று வடமேற்கே வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான், போக்சன் கண்ட கொத்து, 30,000 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியோடு இன்றிரவும் நம் மாடிக்கு வந்துகொண்டிருக்கிறது.